புயல் வருமுன் கால் நிற்கும் நிலத்தைப் பாருங்கள்



ஐப்பசி பிறந்தால் திருகோணமலைக் கரையில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள உல்லாச விடுதிகள் ஒவ்வொன்றாக வேலையாட்களைக் குறைக்கும். வானொலியில் காலநிலை அறிக்கை தொடங்கியதும் வீட்டில் உள்ளவர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார்கள். முதலாவது எமது வருமானத்தைப் பற்றியது. இரண்டாவது எமது உயிரைப் பற்றியது.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை எமது கடல் குளம்போலக் கிடக்கும். அந்த மாதங்களில் வீசும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையில் பெரிய அலை எழும்பாது. வெள்ளைக்காரர் வருவார்கள். 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைக்குப் படகுகள் போய்வரும். அறை துப்புரவு செய்பவர்கள், துணி தோய்ப்பவர்கள், சமையலுக்கு நிற்பவர்கள் என்று எத்தனையோ பெண்களின் அடுப்பு அந்த ஐந்து மாத உழைப்பில்தான் எரிகிறது. வாடைக்காற்று திரும்பியதும் கடலின் முகம் மாறும். காற்று நேரே கரையைப் பார்த்து வீசும். அலை மணலை அரித்துக்கொண்டு போகும். புரட்டாதியில் 50 அடி நடந்து போய்க் கால் நனைத்த இடத்தில், கார்த்திகையில் வேலிக் கட்டைவரை தண்ணீர் வந்து நிற்கும். எமது மாவட்டத்துக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. புயல்கள் வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

நான் பிறந்தது மூதூர் கிழக்கில். 2006ஆம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து, முகாம்களில் சில மாரிகளைக் கழித்து, இப்போது நிலாவெளிப் பக்கம் பிள்ளைகளோடு இருக்கிறேன். சீசன் காலத்தில் ஒரு சிறிய விடுதியில் சமையல். மாரி காலத்தில் தையல். எமது கிராமத்து மாதர் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினர். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே ஒரு விடயம்தான். புயல் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்டால் போதாது. அது வந்து விழப்போகும் நிலம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

காற்றின் கணக்கு மட்டும் போதுமா?

கடலில் தாழமுக்கம் உருவாகி, அதன் காற்று மணிக்கு 62 கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் அதைப் புயல் என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கூரையில் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஆகவே காற்றின் கணக்கு முக்கியமானதுதான். ஆனால் எமது கரை கண்ட புயல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் காற்றைக்கொண்டு மட்டும் அழிவை அளக்க முடியாது என்பது விளங்கும்.

1964 டிசம்பரில் வந்த புயல் எமது வடகிழக்குக் கரையை மிதித்துவிட்டுத்தான் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய புயலில் சுமார் 900 பேர் இறந்தார்கள். தென்னந்தோட்டங்கள் பாய் விரித்ததுபோலச் சரிந்து கிடந்ததை எமது தாய்மார் இன்றைக்கும் சொல்வார்கள். 2000 டிசம்பர் 26ஆம் திகதி இன்னொரு புயல் திருகோணமலைப் பக்கமாகவே கரையேறியது. சரியாக நான்கு வருடம் கழித்து, அதே திகதியில், புயலே இல்லாமல் கடல் எழும்பி வந்து எங்களில் பலருடைய வீட்டைக் கொண்டுபோனது. அதைப்பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அண்மைய இரண்டு புயல்களைப் பாருங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி என்ற புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் பக்கத்தில் கரையேறியது. காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர். நாங்கள் எல்லோரும் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். விடியத் திரும்பி வந்தபோது வாழைகள் விழுந்திருந்தன, சில வீடுகளில் தகரம் கழன்றிருந்தது. அதற்கு மேல் பெரிய சேதம் இல்லை. “புயல் புயல் எண்டு சும்மா பயப்படுத்திப்போட்டாங்கள்” என்று ஒழுங்கையில் பேசிக்கொண்டார்கள்.

2025 நவம்பரில் டித்வா வந்தது. யேமன் நாட்டின் சொக்கோத்திராத் தீவில் உள்ள ஒரு கடல்நீரேரியின் பெயர் அது. அதன் காற்று புரெவியின் காற்றைவிடக் கூடியதல்ல. ஆனால் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. காற்று ஏறத்தாழ ஒன்றுதான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

ஒரு காரணம், டித்வா மெதுவாக நகர்ந்து நாட்டின் மேல் நாட்கணக்கில் நின்று மழையைக் கொட்டியது. இன்னொரு காரணம், அது வருவதற்கு முன்னரே, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மழை பெய்துகொண்டிருந்தது. மண் ஏற்கெனவே தண்ணீர் குடித்து ஊறியிருந்தது. மேலும் குடிக்க அதற்கு இடமிருக்கவில்லை.

பனிமலையில் என்ன செய்கிறார்கள்?

இந்த விடயத்தை எனக்கு நன்றாக விளக்கியவள் சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் மருமகள், அண்ணாவின் மகள். அவளும் என்னைப்போல ஒரு விடுதிச் சமையலறையில்தான் வேலை. ஆனால் அங்கே எல்லாம் தலைகீழ். எங்களுக்கு வெயில் சீசன், அவர்களுக்குப் பனி சீசன். மலைச் சரிவில் இரண்டு பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கி விளையாட ஆட்கள் வருவார்கள். பனி பெய்யாவிட்டால் விடுதியில் ஆளில்லை, வேலையில்லை. அதனால் பெரிய பனிப்புயல் வரப்போகிறது என்றால் ஒரு பக்கம் சந்தோசம். மறு பக்கம் பயம்.

என்ன பயம் என்று கேட்டேன். “மாமி, புதுப்பனி எவ்வளவு விழும் எண்டு மட்டும் பாக்கமாட்டினம். கீழ கிடக்கிற பழைய பனி எப்பிடி இருக்குது எண்டுதான் முதல் பாப்பினம்” என்றாள். பழைய பனி நன்றாக இறுகிப் பிடித்திருந்தால் புதுப்பனி அதன்மேல் தங்கும். பழைய பனிக்குள்ளே சீனிபோல உதிரியான ஒரு படை இருந்தால், அல்லது மேலே வழுக்கும் ஓடுபோல உறைந்திருந்தால், மேலே விழும் பாரம் பிடிமானமில்லாமல் மொத்தமாகச் சரிந்து கீழே வரும். ஊரையே மூடிவிடும். அதனால் அங்குள்ள ஆட்கள் பனியில் குழி தோண்டி, படை படையாகத் தொட்டுப் பார்ப்பார்களாம். டாவோஸ் என்ற மலை நகரில் இதற்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. மாரி காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை விடுவார்கள். ஆபத்தை 1 முதல் 5 வரை இலக்கமிட்டுச் சொல்வார்கள்.

ஆபத்தான பனியைத் தாங்களே வெடி வைத்துச் சரித்துவிடுவதும் உண்டாம், ஆட்கள் மலைக்குப் போகுமுன், விடியற்காலையில். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரியில் அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டாளாம். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கும்.

பனி எங்களுக்கு இல்லை. ஆனால் “கீழே கிடப்பது எப்படி இருக்கிறது” என்ற கேள்வி எங்களுக்கும் பொருந்தும். எங்களுக்குக் கீழே கிடப்பது மண், குளம், ஆறு, கடற்கரை.

பெரியம்மா கேட்ட கேள்வி

வெருகல் பக்கத்தில் எனக்கு ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. டித்வா வருகிறது என்று வானொலி சொன்னபோது நான் தொலைபேசி எடுத்து, காற்று எவ்வளவு, மையம் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். “பிள்ளை, கண்டியில மழை எப்பிடியாம்?”

ஏன் கண்டியைக் கேட்டார்? மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிக் கடைசியில் கடலில் சேருவது எமது கொட்டியாரக் குடாவில்தான். அதன் ஒரு கிளைதான் வெருகலாறு. மலைநாட்டில் பெய்யும் மழை அன்றைக்கே எங்களிடம் வருவதில்லை. நீர்த்தேக்கங்கள் நிறைந்து, வான்கதவுகள் திறந்து, பொலன்னறுவையைத் தாண்டி வந்து சேர நாளெடுக்கும். நவம்பர் 28ஆம் திகதி புயல் எமது மாவட்டத்துக்கு அருகால் வடக்கு நோக்கிப் போனது. காற்று தணிந்ததும் பலர் ஆபத்து முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்ப நினைத்தார்கள். பெரியம்மா திரும்பவில்லை. ஆட்டையும் அவிட்டுக்கொண்டு மேட்டு நிலத்து உறவினர் வீட்டிலேயே நின்றுவிட்டார். 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது. மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறியது. மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகொப்டரில் ஏற்றினார்கள்.

மாவிலாறு என்ற பெயர் எங்களில் எவருக்கும் புதிதல்ல. 2006 யூலையில் அந்த அணைக்கதவு மூடப்பட்டதோடு தொடங்கிய சண்டைதான் எங்களை ஊரைவிட்டு ஓட வைத்தது. அன்று தண்ணீர் வரவில்லை என்று தொடங்கியது. இந்தமுறை தண்ணீர் வந்து ஓட வைத்தது. இரண்டு தடவையும் ஓடிய பெண்கள் இருக்கிறார்கள்.

அணைக்கட்டு உடைவதற்குப் புயல்தான் வேண்டும் என்றும் இல்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே குளத்துக்குக் கீழே, ஆற்றுக்குக் கீழே குடியிருப்பவர்கள் வானத்தைப் பார்க்குமுன் கட்டைப் பார்க்கப் பழக வேண்டும்.

நாங்கள் பார்க்கக்கூடியவை

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எமது மாதர் சங்கத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஐப்பசி முதலாம் கிழமையிலிருந்து வாரம் ஒருமுறை, மழை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும், கீழே உள்ளவற்றை எழுதுகிறோம். நீங்களும் செய்யலாம்.

முதலாவது கிணறு. ஒவ்வொரு நாளும் தண்ணீர் அள்ளுபவர்கள் நாங்கள்தான். தண்ணீர் கிணற்று வாயிலிருந்து எத்தனை முழம் கீழே நிற்கிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். நான்கு முழம் கீழே நின்றால் நிலத்துக்கு இன்னும் தண்ணீர் குடிக்க இடமிருக்கிறது. ஒரு முழம்தான் கீழே என்றால் அடுத்து விழும் மழையெல்லாம் முற்றத்தில்தான் நிற்கும்.

இரண்டாவது குளமும் ஆறும். குளம் வான்பாயும் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கமக்காரர் அமைப்பில் உள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கட்டில் புதிதாக நீர்க்கசிவு, எலிவளை, வெடிப்புக் கண்டால் உடனே கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். கொட்டியாரக் குடாப் பக்கம் இருப்பவர்கள் மலைநாட்டு மழை அறிவித்தலையும், நீர்ப்பாசனத் திணைக்களம் மகாவலி பற்றி விடும் வெள்ள எச்சரிக்கையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கரை. வேலியிலிருந்து அலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அடியால் அளந்து எழுதுங்கள். மணல்மேடு உயரமாக, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து கிடந்தால் அது கடலுக்கு ஒரு மதில். கடல் நன்றாகத் தெரியவேண்டும் என்று கொடியைப் பிடுங்கி மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடங்களில்தான் அலை முதலில் உள்ளே வருவதை நான் கண்டிருக்கிறேன். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்வது வெறும் ஒற்றுமைக்கான பேச்சல்ல. கரையில் அது கண்ணால் காணும் உண்மை.

நான்காவது மரம். ஊறிய மண்ணில் வேருக்குப் பிடிமானம் இல்லை. காய்ந்த நிலத்தில் 90 கிலோமீற்றர் காற்றைத் தாங்கிய முருங்கையும் வேம்பும் ஊறிய நிலத்தில் அதைவிடக் குறைந்த காற்றுக்கே விழும். வீட்டுக் கூரைமேல் நிற்கும் கொப்புகளை மழைக்கு முன்னரே வெட்டிவிடுங்கள்.

ஐந்தாவது கூரை. தகர ஆணிகளின் தலை துருப்பிடித்திருக்கிறதா, ஓரத் தகரம் ஆடுகிறதா என்று பாருங்கள். காற்று முதலில் ஓரத்தைத்தான் பிடித்துத் தூக்கும். கிடுகு வீடானால் வளையை நைலோன் கயிற்றால் நிலத்து முளையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

அறிவித்தலை எப்படிக் கேட்பது?

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் நான்கு சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும். மையம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எவ்வளவு, மழை எத்தனை மில்லிமீற்றர்.

மழைக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள எங்கள் சிறிய வீட்டுக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 4000 லீற்றர் விழும். 200 லீற்றர் பரல் இருபது. வளவு முழுவதும், கிராமம் முழுவதும் எத்தனை பரல் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

மையத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எமது பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழல்கின்றன. ஆகவே கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் உங்கள் ஊருக்குத் தெற்கே கரையேறினால் உங்களுக்குக் காற்று கடலிலிருந்து தரைக்கு வீசும். கடல் உள்ளே ஏறும் ஆபத்து அப்போதுதான் அதிகம். மையம் வடக்கே கரையேறினால் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். புரெவி இரவில் திருகோணமலை நகருக்கு அமைந்தது இரண்டாவது நிலை. ஆனால் மையம் கடைசி நேரத்திலும் திசை மாறலாம். எந்தப் பக்கமானாலும் மழை வரும். ஆகவே இதை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடத் தீர்மானிக்க வேண்டாம். மையம் தலைக்கு மேலே வந்தால் காற்று திடீரென்று நின்று அமைதியாகும். அது முடிவல்ல. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும்.

கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கும் இதே பாடம்தான். திருகோணமலையின் உட்துறைமுகம் தரைமுனைகள் சூழ்ந்த இடமென்பதால் அலைக்கு ஒதுக்கமானது. பெரிய படகுகள் அங்கே ஒதுங்கலாம். ஆனால் திருக்கடலூர் தொடக்கம் புல்மோட்டை வரை கரை வாடைக்குத் திறந்து கிடக்கிறது. எச்சரிக்கை வந்தபின் வள்ளத்தை இழுக்க ஆள் தேடினால் கிடைக்காது. ஆண்துணை இல்லாமல் வள்ளத்தைக் கூலிக்கு விட்டுப் பிழைக்கும் சகோதரிகள் இதை முன்கூட்டியே நாலு பேரோடு பேசி வைக்க வேண்டும்.

கடதாசி நனைந்தால் என்ன நடக்கும்?

புயலில் நாங்கள் இழப்பது கூரையை மட்டுமல்ல. எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி இருக்கிறா. கணவர் காணாமற்போய்ப் பல வருடங்கள். காணி அனுமதிப்பத்திரம் அவருடைய பெயரில். முறைப்பாட்டுப் பிரதிகள், கடிதங்கள், விசாரணைக்குப் போன திகதிகள், அவருடைய ஒரேயொரு படம் எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் கட்டிலுக்குக் கீழே. 2025 வெள்ளம் அந்தத் தகரத்துக்குள்ளும் போனது. வீட்டுக்கு நட்டஈடு கேட்கப் போனபோது காணி யாருடையது என்று கேட்டார்கள். காட்டுவதற்குக் கையில் இருந்தது ஒட்டிப்போன ஒரு கட்டுக் கடதாசி. கூரைக்குத் தகரம் கடனுக்கு வாங்கிவிட்டா. அந்தப் படத்தை எங்கே வாங்குவது என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

இடம்பெயர்வு காலத்தில் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் பொலித்தீன் பையில் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். வீடு கிடைத்தபின் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. மாரி தொடங்குமுன் அதைத் திரும்ப எடுங்கள். எல்லாப் பத்திரங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலப் பத்திரங்களை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, மூடியிறுகிய பிளாஸ்டிக் வாளியில் உயரத்தில் வையுங்கள். அடகுச் சிட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் அதில் சேரட்டும். வீட்டின் நான்கு பக்கத்தையும் புயலுக்கு முன் படமெடுங்கள். பின்னர் நட்டஈடு கேட்கும்போது முன்னர் எப்படி இருந்தது என்று காட்ட உதவும்.

பாதுகாப்பு இடத்துக்குப் போகத் தயங்கும் சகோதரிகளை எனக்குத் தெரியும். தனியாக இருக்கும் பெண், வயதுக்கு வந்த பிள்ளை, மலசலகூடத்துக்கு வெளிச்சமில்லை, ஆட்டையும் கோழியையும் யார் பார்ப்பது என்று காரணங்கள் உண்டு. அவை பொய்யான காரணங்கள் அல்ல. ஆகவே அவற்றையும் புயலுக்கு முன்னரே பார்க்க வேண்டும். எமது சங்கம் ஐப்பசியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் எந்த அறை பெண்களுக்கு, எந்த மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பார்த்து கிராம உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுக்கிறது. நான்கு வீட்டுப் பெண்கள் ஒன்றாகப் போவது, ஒன்றாகப் படுப்பது என்று முன்னரே பேசிக்கொள்கிறோம். மாதவிடாய்த் துணி, மருந்து, ரோச் லைட், ஒரு நாளுக்குக் குடிநீர் ஆகியவை பையில் இருக்கும்.

காற்று நின்ற பிறகு

வெள்ளம் வடிந்த வளவுக்குள் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். பாம்பும் அறுந்த மின்கம்பியும் ஒரு பக்கம். எமது மாவட்டத்தில் சண்டை நடந்த இடங்களில் மண்ணுக்குள் கிடந்த பழைய வெடிபொருட்களை வெள்ளம் இடம் மாற்றி விட்டிருக்கலாம். அறியாத இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக் குளோரின் இடும்வரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். ஆற்றுக்குக் கீழே இருப்பவர்கள், மேலே மழை ஓய்ந்து, ஆற்றுமட்டம் இறங்குகிறது என்ற அறிவித்தல் வரும்வரை திரும்ப வேண்டாம். உதவி தேவையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சகோதரிகளே, புயலை நிறுத்த எங்களால் முடியாது. அதன் பெயரையும் பாதையையும் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழத்தில் நிற்கிறது, எந்தத் தகரம் ஆடுகிறது, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறா, எந்த அக்காவுக்குக் காது கேளாது என்பதை எங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த மாதம் உங்கள் சங்கக் கூட்டத்தில் 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு, கிணற்று மட்டத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.